ரொட்டியைத் தின்பது வேறு, இறைச்சியைத் தின்பது வேறு: கிரீ மொழியின் அன்றாடச் சொற்கள்

கனடாவின் பூர்வகுடி மொழியான கிரீயில் 'அவன் சாப்பிடுகிறான்' என்று சொல்ல வேண்டுமானால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எதை? இறைச்சி என்றால் 'மீச்சிவ்'. ரொட்டி என்றால் 'மோவேவ்'. எதை என்று குறிப்பிடாமல், ஆள் சாப்பாட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்ல 'மீச்சிஸொவ்'. மூன்றும் தனித்தனி வினைகள், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. சாப்பிடுவது ஆணா பெண்ணா என்பதை மட்டும் இந்த மொழி கேட்பதே இல்லை. அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், 'விய'. கிரீயைத் தாய்மொழியாகக் கொண்ட முதியவர்கள் ஆங்கிலம் பேசும்போது அவனையும் அவளையும் மாற்றிச் சொல்லிவிடுவது இதனால்தான்.

அந்நிய மொழி ஒன்றை அறிமுகம் செய்பவர்கள் வழக்கமாகப் பெயர்ச்சொல் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். தண்ணீர் 'நிபிய்', நாய் 'அதிம்', கத்தி 'மோஹ்கொமான்', இப்படி. கிரீக்கும் அப்படிப் பட்டியல்கள் நிறைய உண்டு. மனப்பாடம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஐந்நூறு பெயர்ச்சொல் தெரிந்தபின்னும் ஒரு கோப்பைத் தேநீர் கேட்டு வாங்க முடியாத மொழி இது. இதன் பாரம் முழுக்க வினையில் இருக்கிறது. பெயர்ச்சொற்களில் பெரும் பகுதியும் வினையைப் பிடித்து நிறுத்தி வைத்தவைதான்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். கனடாவின் ஆல்பெர்ட்டாவிலிருந்து கிழக்கே கியூபெக் வரை பரவிக் கிடக்கும் கிளைமொழிகளின் தொடருக்குத்தான் கிரீ என்று பெயர். அல்கோங்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2021 கனடா மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 86 ஆயிரம் பேருக்குக் கிரீ மொழிகளில் ஒன்று பேசத் தெரியும். அந்நாட்டின் பூர்வகுடி மொழிகளில் அதிகம் பேர் பேசுவது இதுவே. கிரீ என்பது பிரெஞ்சுக்காரர்கள் வழியாக ஒட்டிக்கொண்ட பெயர். சமவெளிக் கிரீக்காரர்கள் தங்களை 'நேஹியவ்' என்றும் தங்கள் மொழியை 'நேஹியவேவின்' என்றும் சொல்கிறார்கள். இடத்துக்கு இடம் ஓர் ஒலி மாறும். 'நான்' என்பது சமவெளியில் 'நிய', காட்டுக் கிரீயில் 'நீத', சதுப்புநிலக் கிரீயில் 'நீன', மூஸ் கிரீயில் 'நீல', கியூபெக்கின் அதிகமேக் மக்களிடம் 'நீர்'. ஒரே சொல்லில் ய, த, ன, ல, ர என்று ஓர் எழுத்து மட்டும் நழுவிப் போகிறது. இங்கே நான் தரும் சொற்கள் சமவெளிக் கிரீயைச் சேர்ந்தவை.

தமிழ் எழுத்தில் இவற்றை எழுதுவது ஆங்கில எழுத்தில் எழுதுவதைவிட ஒருவகையில் பொருத்தம். கிரீயில் ப-வும் அதன் அதிர்வொலியும் வேறுவேறு எழுத்துகள் இல்லை. க, ச, த ஆகியவையும் அப்படியே. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் நம் வாயில் நடப்பதைப் போலவே அங்கும் கொஞ்சம் குழையலாம். குறில் நெடில் வேறுபாடு முக்கியம். ஏகாரம் மட்டும் எப்போதும் நெடில்தான், எகரம் கிடையாது. ஹகரம் ஒன்றுதான் நமக்குச் சற்றுச் சிரமம். சொல்லின் நடுவே, ஒரு மெய்க்கு முன்னால், மூச்சு விட்டதுபோல வந்து போகும்.

சரி, ரொட்டிக்கு வருவோம். கிரீ பெயர்ச்சொற்கள் இரண்டு திணை. உயிருள்ளவை, உயிரில்லாதவை என்று இலக்கணப் புத்தகங்கள் பெயர் வைத்திருக்கின்றன. நம் உயர்திணை அஃறிணை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. மனிதரும் விலங்கும் மரமும் ஒரே பக்கம். அதுவரை விளங்குகிறது. அதே பக்கத்தில் ரொட்டி, கல், பனி, சூரியன், புகைக்குழாய், கரண்டி, கெட்டில், காலுறை, கையுறை, பணம் எல்லாம் நிற்கின்றன. காலுறை உயிருள்ள திணை, காலணி இல்லை. கால்சட்டை உயிருள்ளது, மேல்கோட்டு இல்லை. ராஸ்ப்பெரிப் பழம் உயிருள்ளது. பக்கத்திலேயே விளையும் ஸ்ட்ராபெரி இல்லை, அதற்குப் பெயரே 'இதயப் பழம்' என்றிருந்தும். 'மிஸ்திக்' என்ற சொல் மரமாக நிற்கும்போது உயிருள்ளது, குச்சியானதும் உயிரில்லாதது.

இதைப் பார்த்ததும் ஒரு கட்டுரை தானாக எழுதிக்கொள்ளும்: 'கல்லிலும் உயிர் கண்ட மக்கள்' என்று தலைப்பும் கிடைத்துவிடும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. காலுறைக்கும் உயிர் உண்டு, காலணிக்குக் கிடையாது என்று எந்தச் சமூகமும் தத்துவம் வகுப்பதில்லை. பிரெஞ்சு மொழியில் மேசை பெண்பால் என்பதற்காகப் பிரெஞ்சுக்காரர் மேசையைப் பெண்ணாக நினைக்கிறார் என்று நாம் சொல்வோமா? அதே சமயம் எல்லாமே வெறும் இலக்கண விபத்து என்று ஒதுக்கவும் முடியாது. புகைக்குழாயும் கல்லும் சடங்கில் இடம்பெறுகிறவை. ஹாலோவெல் என்ற மானிடவியலாளர், கிரீயின் நெருங்கிய உறவான ஒஜிப்வே மொழி பேசும் பெரியவர் ஒருவரிடம், இங்கே நம்மைச் சுற்றிக் கிடக்கும் கற்களுக்கெல்லாம் உயிர் இருக்கிறதா என்று கேட்டார். பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, இல்லை, ஆனால் சிலவற்றுக்கு உண்டு என்றாராம். இந்த விஷயத்தில் இதைவிட நிதானமான பதிலை நான் படித்ததில்லை.

தத்துவம் எப்படியோ, திணை தெரியாமல் அன்றாட வேலை ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு வினைகள் வேண்டும். ஒன்றைப் பார்க்கிறான் என்றால் 'வாபஹ்தம்', ஒருவரைப் பார்க்கிறான் என்றால் 'வாபமேவ்'. கையுறையைப் பார்த்தாலும் 'வாபமேவ்' தான். நிறங்களும் வினைகளே. சிவப்பு என்று தனியாக ஒரு பெயரடை கிடையாது, 'சிவந்திருக்கிறது' என்ற வினைதான். காலுறை சிவப்பு என்றால் 'மிஹ்கொஸிவ்', காலணி சிவப்பு என்றால் 'மிஹ்க்வாவ்'. இரண்டிலும் ரத்தத்தைக் குறிக்கும் 'மிஹ்கொ' ஒளிந்திருக்கிறது.

இதற்குமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரீ வினை ஒட்டுப் போட்டுத் தைத்த ஒன்று. முன்பகுதி என்ன ஆனது என்று சொல்லும், பின்பகுதி எதனால் ஆனது என்று சொல்லும். துண்டாவது என்ற பொருளில் 'கீஸ்க்' என்ற முன்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியால் அறுத்துத் துண்டாக்கினால் 'கீஸ்கிஸம்'. இழுத்துப் பிய்த்தால் 'கீஸ்கிபிதம்'. பல்லால் கடித்துத் துண்டாக்கினால் 'கீஸ்கஹ்தம்'. கோடரியால் வெட்டினால் 'கீஸ்கதஹம்', அதுவும் குச்சியை வெட்டினால்தான். நிற்கும் மரத்தை வெட்டினால் 'கீஸ்கதஹ்வேவ்', ஏனென்றால் மரம் உயிருள்ள திணை. தமிழில் இதற்கு அறு, பிய், கடி, வெட்டு என்று நான்கு வேர்கள் வைத்திருக்கிறோம். கிரீயில் விளைவு ஒரே வேர், கருவி மட்டும் வாலில் மாறுகிறது. கை, கால், வாய், கருவி, சூடு, இழுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். சமையற்கட்டிலும் காட்டிலும் நாள் முழுக்கச் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை இந்தச் சில வால்களைக் கொண்டே சொல்லிவிடலாம். மனதுக்கும் ஒரு வால் இருக்கிறது: அறிகிறான் 'கிஸ்கேயிஹ்தம்', அப்படி நினைக்கிறான் 'இதேயிஹ்தம்', மகிழ்கிறான் 'மிய்வேயிஹ்தம்'. மகிழ்வது என்பது நல்லதை மனதால் செய்வது, கடிப்பது பல்லால் செய்வது மாதிரி.

நடையும் இப்படித்தான். 'பிமொஹ்தேவ்' நடந்து போகிறான். 'பிமிபஹ்தாவ்' ஓடிப் போகிறான். 'பிமிஹாவ்' பறந்து போகிறான். 'பிம்' என்பது நெடுகச் செல்வது. அதை எடுத்துவிட்டு வந்து சேர்வதைக் குறிக்கும் 'தக்' போட்டால் 'தகொஹ்தேவ்', நடந்து வந்து சேர்கிறான். வண்டியில் வந்து சேர்ந்தால் 'தகொபயிவ்'. எனவே, அவர் வந்துவிட்டாரா என்று கிரீயில் கேட்டுப் பதில் வாங்கும்போதே எப்படி வந்தார் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

இந்தக் கடைசிச் சொல்லில் உள்ள 'பயி' என்ற துண்டைச் சற்றுக் கவனியுங்கள். தானாக அசைவது, சட்டென்று நகர்வது என்பது அதன் பொருள். கார் வந்தபோது அதற்கு 'ஸேஹ்கேபயீஸ்' என்று பெயர் வைத்தார்கள், தன்னால் ஓடுவது என்று. கார் கெட்டுப்போய் நின்றால் 'பீகொபயிவ்', அதாவது உடைந்துபோனது. அதிலும் அதே 'பயி'. சினிமாவும் தொலைக்காட்சியும் 'சிகாஸ்தேபயிஹ்ச்சிகன்'. 'சிகாஸ்தே' நிழல், 'பயி' அசைவு, கடைசியில் உள்ள 'சிகன்' அதைச் செய்யும் பொருள். நிழலாட்டும் கருவி! நம் ஊரில் படம் காட்டுதல், திரைப்படம் என்றெல்லாம் சொல் தேடிய காலம் நினைவுக்கு வருகிறது. கிரீக்காரர்கள் அதற்காகக் குழு எதுவும் போடவில்லை. துண்டுகள் ஏற்கெனவே வீட்டில் கிடந்தன, எடுத்துக் கோத்தார்கள்.

வீட்டுப் பொருள்கள் பலவும் இப்படிக் கோத்தவைதான். தூங்குகிறான் 'நிபாவ்', படுக்கை 'நிபேவின்'. மேலே ஏறி உட்கார்கிறான் 'தேஹ்தபிவ்', நாற்காலி 'தேஹ்தபிவின்'. அந்த வினையே குதிரை மேல் உட்கார்வதற்கும் ஆகும். சாப்பாட்டு மேசை 'மீச்சிஸொவினாஹ்திக்', அப்படியே பிரித்தால் உண்ணும் மரம். வீடு 'வாஸ்கஹிகன்', சுற்றிலும் அடைத்துக் கட்டியது என்று பொருள். கோட்டைக்கும் அந்தச் சொல்தான். எட்மண்டன் நகரத்துக்குக் கிரீயில் 'அமிஸ்க்வச்சிய்-வாஸ்கஹிகன்', பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் பெயரால் பீவர்க் குன்றுக் கோட்டை. பழைய தோல் கூடாரத்துக்குத் தனிச்சொல் இருக்கிறது, 'மீகிவாஹ்ப்'.

குடிப்பவற்றின் வரிசை சிரிக்க வைக்கும். 'ஆபொய்' என்றால் நீர்மம். தேநீர் 'மஸ்கிஹ்கீவாபொய்', மருந்து நீர். காப்பி 'பிஹ்கஹ்தேவாபொய்', கரிய வறுத்த நீர். பால் 'தொஹ்தோஸாபொய்', முலை நீர். சாராயம் 'இஸ்கொதேவாபொய்', நெருப்பு நீர். ரயில் 'இஸ்கொதேவிதாபான்', நெருப்பு வண்டி. சர்க்கரைக்கும் உப்புக்கும் ஒரே வேர் என்பது இன்னும் வேடிக்கை: 'ஸீவினிகன்' சர்க்கரை, 'ஸீவிஹ்தாகன்' உப்பு. நாக்கில் உறைப்பாகத் தெரியும் சுவை எதுவானாலும் 'ஸீவ்' தான் போலிருக்கிறது. புதிதாக வந்த விலங்குக்கும் பழைய பெயரே உதவியது. நாய் 'அதிம்', குதிரை 'மிஸ்ததிம்', பெரிய நாய். ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரை சமவெளியை எட்டுவதற்கு முன்னால் அங்கே சுமை இழுத்தது நாய்தான். எனவே இந்தப் பெயரை உருவத்துக்கு வைத்த பெயராகப் பார்க்க வேண்டாம், உத்தியோகத்துக்கு வைத்த பெயர்.

'ஹ்கான்' என்று ஒரு வால் உண்டு. செய்துவைத்தது, போலி, அதன் இடத்தில் நிற்பது என்று பொருள் தரும். குழந்தை 'அவாஸிஸ்', பொம்மை 'அவாஸிஸீஹ்கான்'. சூரியன் 'பீஸிம்', கடிகாரம் 'பீஸிமொஹ்கான்', செய்துவைத்த சூரியன். கொழுப்பு 'பிமிய்', அதை உருக்கி, உலர்த்தி இடித்த எருமை இறைச்சியோடும் பழங்களோடும் சேர்த்துக் கட்டிவைப்பது 'பிமீஹ்கான்'. ஆங்கிலத்தில் பெம்மிக்கன் என்று போன சொல் இதுதான். பல மாதம் கெடாத இந்த உணவு இல்லாமல் 19ஆம் நூற்றாண்டின் விலங்குத் தோல் வணிகப் படகுகள் நகர்ந்திருக்காது. 1814இல், இன்றைய வினிபெக் பக்கம் இருந்த செந்நதிக் குடியேற்றத்தின் ஆளுநர் பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டு, அது பெரிய மோதலில் போய் முடிந்தது. இந்த வாலின் மிகக் கூர்மையான பயன் வேறொன்று. தலைவர் 'ஒகிமாவ்'. கனடா அரசின் பூர்வகுடிச் சட்டத்தின் கீழ் தேர்தலில் வரும் தலைவர் 'ஒகிமாஹ்கான்'. பொம்மையின் வால்தான் அதில் ஒட்டியிருக்கிறது. இன்று அதைச் சொல்கிறவர்கள் கேலியாகச் சொல்வதில்லை, சாதாரணப் பதவிப் பெயர் அது. ஆனாலும் முதன்முதலில் அந்தச் சொல்லைக் கோத்தவர் என்ன நினைத்திருப்பார் என்று யூகிக்க முடிகிறது அல்லவா.

கட்டடங்களுக்கு வரும் வால் 'இகமிக்'. கடை 'அதாவேவிகமிக்', வாங்கி விற்கும் வீடு. உணவகம் 'மீச்சிஸொவிகமிக்', உண்ணும் வீடு. வங்கி 'ஸோனியாவிகமிக்', பண வீடு. கழிப்பறை 'வயவீவிகமிக்', வெளியே போகும் வீடு. நாம் 'வெளிக்குப் போவது' என்று சொன்னதும் இப்படித்தான். மருத்துவமனை 'ஆஹ்கொஸீவிகமிக்', நோய் வீடு. பள்ளிக்கூடம் 'கிஸ்கின்வஹமாதொவிகமிக்', கற்பிக்கும் வீடு.

பள்ளிக்கூடம் என்ற சொல்லைச் சாதாரணமாகக் கடந்துபோக இந்த மொழியில் முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 1990கள் வரை கனடா அரசும் திருச்சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், சொந்த மொழியைப் பேசினால் தண்டித்த இடங்கள் அவை. 2015இல் முடிந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே குறித்தது. 'மோவேவ்' எங்கே, 'மீச்சிவ்' எங்கே என்பதை ஒரு குழந்தை இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்பதில்லை. பாட்டியோடு அடுப்படியில் உட்கார்ந்து ஆயிரம் முறை கேட்டுக் கற்கிறது. அடுப்படியிலிருந்து குழந்தையைப் பிடுங்கினால் போதும், பெயர்ச்சொல் கொஞ்சம் மிஞ்சும், வினை போய்விடும். இன்று நகரங்களில் வளர்ந்த பலருக்கு நாய், தண்ணீர், பாட்டி தெரிகிறது, ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் காரணம் இதுதான். கியூபெக்கின் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் கதை வேறு. அங்குள்ள கிரீ மக்கள் அரசுகளோடு செய்துகொண்ட 1975 ஒப்பந்தத்தின் மூலம் தங்களுக்கென்று ஒரு பள்ளி வாரியத்தைப் பெற்றார்கள், சிறு வகுப்புகளில் கிரீயிலேயே பாடம் நடத்தவும் செய்தார்கள்.

பாட்டி என்றேனே, உறவுச் சொற்களில் தமிழருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கிரீயில் 'பாட்டி' என்று பொதுவாகச் சொல்ல முடியாது, யாருடைய பாட்டி என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கும். என் பாட்டி 'நோஹ்கொம்', உன் பாட்டி 'கோஹ்கொம்'. தலை, கை, கால் ஆகியவையும் இப்படியே. சமவெளிப் பகுதியில் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள்கூடப் பாட்டியைக் கோக்கம் என்கிறார்கள். 'உன் பாட்டி எங்கே' என்று பெரியவர்கள் குழந்தையிடம் கேட்டுக் கேட்டு, 'உன்' என்பது ஒட்டியபடியே பெயராகிவிட்டது போலும். இனி மற்றவர்களைப் பாருங்கள். அப்பா 'நோஹ்தாவிய்'. அப்பாவின் சகோதரர் 'நோஹ்ச்சாவீஸ்', அப்பா என்ற சொல்லுக்கே சிறுமை விகுதி சேர்த்தது. அச்சு அசல் சிற்றப்பா! அம்மா 'நிகாவிய்', அம்மாவின் சகோதரி 'நிகாவீஸ்', சின்னம்மா. ஆனால் அம்மாவின் சகோதரர் 'நிஸிஸ்', மாமனாருக்கும் அதே சொல். அப்பாவின் சகோதரி 'நிஸிகொஸ்', மாமியாருக்கும் அதே சொல். ஆண் ஒருவன் தன் மாமன் மகனையும் அத்தை மகனையும் 'நீஸ்தாவ்' என்பான், மனைவியின் சகோதரனும் 'நீஸ்தாவ்' தான். மச்சான் என்பதைத் தவிர வேறு மொழிபெயர்ப்பு இதற்கு உண்டா? அண்ணன் 'நிஸ்தேஸ்', அக்கா 'நிமிஸ்'. தம்பிக்கும் தங்கைக்கும் மட்டும் பொதுவாக 'நிஸீமிஸ்'. ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ட், கசின் என்று மூன்றே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிடுகிற இடத்தில், கிரீக்காரரும் நாமும் ஒரே மாதிரி பிரித்து வைத்திருக்கிறோம். மானிடவியலில் இந்த வகை உறவுமுறைக்குப் பெயரே திராவிட வகை என்பதுதான்.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அப்படியே உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'கியானவ்', விட்டுவிட்டால் 'நியனான்'. ஆங்கிலம் வழியாகக் கிரீ கற்பவர்கள் தடுமாறும் இடத்தை நாம் யோசிக்காமலே கடந்துவிடலாம். உடனே கிரீயும் தமிழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் வாட்ஸாப்பில் கிளம்பிவிட வேண்டாம். இரண்டுக்கும் எந்த வரலாற்று உறவும் கிடையாது. மாமன் மகளை மணக்கலாம், சித்தப்பா மகள் தங்கை என்ற முறை எங்கே இருந்தாலும் சொற்களும் ஏறக்குறைய இப்படித்தான் வரிசை கட்டும்.

நமக்கு உதவாத இடமும் இருக்கிறது. 'நீ என்னைப் பார்க்கிறாய்' என்பது 'கிவாபமின்'. 'நான் உன்னைப் பார்க்கிறேன்' என்பது 'கிவாபமிதின்'. இரண்டுமே 'கி' என்று தொடங்குகின்றன, 'கி' என்றால் நீ. பார்ப்பது யாராக இருந்தாலும் நீ இருக்கும் வாக்கியத்தில் நீதான் முன்னால் நிற்பாய். நான் அதற்கு அடுத்து, மூன்றாம் ஆள் கடைசி. யார் யாரைப் பார்த்தார் என்பதை வால்தான் சொல்லும். நன்றி சொல்லும் 'கினனாஸ்கொமிதின்' என்பதும் இந்த அச்சில் வார்த்தது, உனக்கு நான் நன்றியோடு இருக்கிறேன் என்று.

ஏவல் வினையில் ஓர் அழகு. 'மீச்சிஸொ' என்றால் இப்போதே சாப்பிடு. 'மீச்சிஸொஹ்கன்' என்றால் பிறகு சாப்பிடு. வேலைக்குக் கிளம்பும் அம்மா பிள்ளையிடம் சொல்வது இரண்டாவது. 'மீச்சிஸொதான்' என்றால் வா, நாம் சாப்பிடலாம்.

நேரத்தைச் சொல்லும் சொற்களும் வினைகள்தான். இரவு என்று ஒரு பொருள் இல்லை, 'திபிஸ்காவ்', இரவாயிருக்கிறது. மழை பெய்கிறது 'கிமிவன்', பனி பெய்கிறது 'மிஸ்பொன்', குளிர்காலமாயிருக்கிறது 'பிபொன்'. பெய்வதற்கு மழை என்று தனியாக ஓர் எழுவாய் தேவைப்படவில்லை. விடிகிறது 'வாபன்', நாளைக்கு 'வாபஹ்கி', அதாவது விடிந்தால். பார்ப்பதற்கான 'வாபமேவ்' இருக்கிறதே, அதன் தலையில் உள்ள 'வாப்' தான் இங்கேயும் வெளிச்சமாக வருகிறது. மாதங்களுக்குச் சூரியன் என்ற அதே 'பீஸிம்'. மார்ச் வாத்து மாதம், ஏப்ரல் தவளை மாதம், மே இலை துளிர்க்கும் மாதம், ஜூன் குஞ்சு பொரிக்கும் மாதம், ஜூலை இறகுதிரும் மாதம், ஆகஸ்ட் பறந்தெழும் மாதம். ஒரு வாத்தின் ஆண்டு அப்படியே நாட்காட்டியாகிவிட்டது. பருவங்களையும் பலர் ஆறு என்று எண்ணுகிறார்கள். ஆற்றில் பனி உடையும் காலமும் ஆறு உறையும் காலமும் தனிப் பருவங்கள். படகிலும் போக முடியாது, பனிமேல் நடக்கவும் முடியாது என்ற நாட்களுக்குப் பெயர் இல்லாமல் எப்படி?

இதையெல்லாம் எழுதும் எழுத்தும் தனி ரகம். 1840இல் மனிடோபாவின் நார்வே ஹவுஸ் என்ற இடத்தில் இருந்த மெதடிஸ்ட் திருச்சபை ஊழியர் ஜேம்ஸ் எவன்ஸ், தேயிலைப் பெட்டியின் ஈயத் தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்தார் என்பது அச்சில் உள்ள வரலாறு. மிஸ்தனாகோவேவ் என்ற பெரியவர் ஆவி உலகிலிருந்து இந்த எழுத்தைக் கொண்டுவந்தார் என்பது கிரீ மக்கள் வாய்வழிச் சொல்லும் வரலாறு. எழுத்து இயங்கும் விதம் தமிழருக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும், ஏனென்றால் உயிர்மெய்தான். நாம் மெய்யோடு கொம்பும் காலும் சேர்க்கிறோம், அவர்கள் வடிவத்தையே திருப்பிவிடுகிறார்கள். ஒரு கூம்பு கீழே பார்த்தால் 'பே', மேலே பார்த்தால் 'பி', வலப்பக்கம் பார்த்தால் 'பொ', இடப்பக்கம் பார்த்தால் 'ப'. நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. நமக்குப் புள்ளி மெய்க்கு, அவர்களுக்கு நெடிலுக்கு.

கிரீ தெரியாமலே கிரீச் சொற்களைப் புழங்குகிறவர்கள் கனடா முழுக்க இருக்கிறார்கள். சஸ்கட்டூன் நகரம் 'மிஸாஸ்க்வதோமின்' என்ற பழத்தின் பெயர். சஸ்காட்சுவான் 'கிஸிஸ்காச்சிவனி-ஸீபிய்', விரைந்தோடும் ஆறு. வினிபெக், கலங்கிய நீர். அதிலும் பாதி வினைகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வினிபெக்கின் உறுப்பினர் ஒருவர் 2017இல் நாடாளுமன்றத்தில் கிரீயில் பேசியபோது அவையில் மொழிபெயர்க்க ஆள் இல்லை. 2019 ஜனவரியில் அவரே மீண்டும் கிரீயில் பேசியபோது உடனடி மொழிபெயர்ப்பு இருந்தது.

கற்றுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு அகராதி பற்றி ஒன்று. அச்சு அகராதிகளில் வினையெல்லாம் 'அவன் அதைச் செய்கிறான்' என்ற வடிவில்தான் இருக்கும். 1874இல் பாதிரியார் லக்கோம்ப் பிரெஞ்சில் வெளியிட்டதும் அகராதிதான், 2001இல் ஆரோக் வுல்வென்கிரே ரெஜைனாவிலிருந்து தந்ததும் அகராதிதான். ஆனால் காதில் விழுந்த சொல்லின் தலையையும் வாலையும் நீக்கத் தெரியாதவருக்கு இரண்டுமே பூட்டிய பெட்டி. 'கிவாபமிதின்' என்பதைக் 'கி' வரிசையில் தேடினால் கிடைக்காது, 'வா' வரிசைக்குப் போக வேண்டும். ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் குழு இணையத்தில் வைத்திருக்கும் 'இத்வேவின' என்ற அகராதி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கேட்ட வடிவத்தை அப்படியே தட்டினால் மென்பொருள் அதைப் பிரித்து, இது 'வாபமேவ்', பார்ப்பது நான், பார்க்கப்படுவது நீ என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் சாப்பிடு என்று தட்டினால் மட்டும் ஒரே பதில் வராது. வரிசையாக வினைகள் வந்து நிற்கும். தட்டில் இருப்பது ரொட்டியா இறைச்சியா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.